முதலில் உட்கார்ந்தவருக்கு

பல்வலிக்குப் பகையே! பண்புக்கு உறவே! ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளரும் தேவதானத்து உழவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதி வணிகரும் வாய் திறந்து காட்டி வலி மறந்து வீடு திரும்ப வைத்த வல்லவரே! இருபத்து நான்கு ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையின் பல் பிரிவை நடத்தி இன்று பணி நிறைவு பெறும் டாக்டர் பொன்னுராஜ் ஐயா அவர்களே! வணக்கம்.

தாங்கள் பிடுங்கிய பற்களைச் சொல்லிப் புகழப் பலர் வருவார்கள். நாங்கள் புகழ வந்தது, தாங்கள் உட்கார்ந்த ஒரு நாளை.

1971-ல் பொறுப்பேற்ற நாள்முதல் தாங்கள் நின்றே வேலை செய்தீர்கள். காலை எட்டு மணிக்கு வளைந்த முதுகு கடைசி நோயாளி போன பிறகே நிமிரும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமாளே பள்ளிகொண்டிருக்க, எங்கள் ஐயாவுக்கு மட்டும் நின்ற கோலமா என்று கேலி பேசுவோம், தாங்களும் சிரிப்பீர்கள். பயிற்சிக்கு வந்த பல் மருத்துவ மாணவர்களை நிற்கும்படி தாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பெரியவர் நிற்கையில் சின்னவர் உட்காருவது மரியாதையா? அறையிலிருந்த இரண்டு முக்காலிகளில் ஒன்றில் தண்ணீர்க் குடமும் மற்றொன்றில் கருவித் தட்டும் சுகமாக வீற்றிருந்தன. மாணவர்களோ கழுத்து இறுகி, தோள் கனத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியை வெளியே சொல்ல வெட்கப்பட்டு நின்றார்கள்.

1986-ல் தேவதானத்திலிருந்து வந்தார் செல்லக்கனி, அவ்வூரின் முதல் பல் மருத்துவ மாணவி. நான்காம் மாதம், பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அவர் கை எழும்பவில்லை. படிப்பே வேண்டாம் என்று மகளை அழைத்துப்போக, களையெடுப்பைப் பாதியில் விட்டு வந்தார் தாயார் சுடலையம்மாள். தங்கள் முன் நின்று அவர் கேட்டதை நாங்கள் மறக்கவில்லை.

"வயக்காட்டுல குனிஞ்சி குனிஞ்சி என் இடுப்பு போச்சி. இவளாவது நிமிந்து உக்காந்து வேல பாக்கட்டும்னுதானய்யா படிக்க வச்சேன். இங்க வந்தும் குனிஞ்சேதான் கெடக்கணுமா?"

வேறொருவராயிருந்தால் சினந்திருப்பார். தாங்களோ, "எனக்கும் வலிக்கத்தான் செய்யுதும்மா. பதினஞ்சு வருசமா சொல்லல" என்றீர்கள். சட்டைக்குள் தாங்கள் கட்டியிருந்த இடுப்புப் பட்டையை அன்றுதான் அறிந்தோம். ஒரு வாரம் மட்டும் பொறுக்கும்படி அந்தத் தாயிடம் கேட்டுக்கொண்டீர்கள்.

மறுநாளே தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தாங்கள் முதலில் உட்கார்ந்தீர்கள். டாக்டருக்கு உடம்புக்கு என்னவோ என்று வரிசையில் இருந்தவர்கள் கவலைப்பட்டார்கள். ராஜபாளையத்துத் தச்சர் ராக்கப்பனை வரவழைத்து, மாணவர் ஒவ்வொருவரின் முழங்கால் உயரத்தையும் அளந்து முக்காலி செய்யச் சொன்னீர்கள். முதுகை வளைப்பதை விட்டு நோயாளியின் நாற்காலியை உயர்த்தவும், மணிக்கொருமுறை தோளைச் சுழற்றவும் அவர்களைப் பழக்கினீர்கள். காத்திருந்த நோயாளிகளும் கூடவே தோளைச் சுழற்றியது தனிக் கதை. தளவாய்புரம் முகாமுக்குப் போகும்போது மருந்துப் பெட்டிக்கு முன்பாக முக்காலிகள் வண்டியேறின.

அப்போதும் மாணவர்கள் தயங்கினார்கள். தாங்கள் நின்றால்கூட எவரும் எழக்கூடாது என்று உத்தரவே போட்டீர்கள். ஒரு வாரம் கழித்து வந்த சுடலையம்மாள், மகள் உட்கார்ந்து பல் அடைப்பதை வாசலிலிருந்து பார்த்துவிட்டு, தனியாகவே அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார். அதற்குப்பின் வலியால் படிப்பை விட்டவர் இங்கே ஒருவரும் இல்லை என்று மார்தட்டிச் சொல்வோம்!

ஐயா, இன்று தாங்கள் இந்த மண்டபத்தில் நுழைந்தபோது எழுந்து நிற்க எங்கள் கால்கள் துடித்தன. தங்கள் உத்தரவை நினைத்து அடக்கிக்கொண்டோம். ராக்கப்பன் செய்த முக்காலியில் உட்கார்ந்து இம்மடலை வாசிப்பவர், நாளைமுதல் தங்கள் பொறுப்பை ஏற்கும் டாக்டர் செல்லக்கனி. முதல் வரிசையில் அமர்ந்து கேட்பவர் அவர் தாயார்.

முதுகு நோகாமல், முகம் வாடாமல், பேரன் பேத்திகளோடு பல்லாண்டு வாழ்க! இனியாவது பகலில் சாய்ந்து படுத்து இளைப்பாறுக!

தங்கள் சொற்படி நிமிர்ந்து அமர்ந்திருக்கும்
பல் பிரிவுப் பணியாளர்கள்
ஸ்ரீவில்லிபுத்தூர்
31.5.1995