கட்டைவிரல்

— அசையாம நில்லுடி. இடுப்புல பின் போட்டிருக்கேன். குத்திக்கிட்டு அப்புறம் அக்கா வேணும்னே குத்திட்டான்னு சொல்லுவே.

— சொல்ல மாட்டேன்க்கா. உன்கிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். சட்டையைச் சுருக்கறதெல்லாம் சாக்கு.

— தெரியும். பள்ளிக்கூடத்துல நல்ல தொடுதல் பாடம் எடுக்கற டீச்சரம்மா சும்மா ஒரு நாளும் என் தையல் கடைக்கு வர மாட்டாங்களே. கையைத் தூக்கு.

— தூக்கலாமான்னு கேக்கலாம்ல?

— ஆரம்பிச்சுட்டியா. உன் சிஷ்யையும் இதைத்தான் செய்யறா. போன வாரம் ஒரு அம்மா தன் பொண்ணுக்குக் கவுன் தைக்கக் கூட்டிட்டு வந்தாங்க. நான் டேப்பை அது தோள்ல வச்சேனோ இல்லையோ, நான் பெத்தது மேசைக்கு அடியிலேருந்து தலையை நீட்டி, "அம்மா, தொடறதுக்கு முன்னாடி கேட்டியா"ன்னு கேக்கறா. கையில சிவப்பு அட்டை வேற. மானம் போச்சு.

— அந்தப் பொண்ணு என்ன செஞ்சா?

— சிரிச்சா. பச்சை அட்டையைக் கேட்டு வாங்கி எனக்குக் காட்டினா. அப்புறம்தான் அளவே எடுக்க விட்டா.

— அதுதான்க்கா விளையாட்டு. பச்சைன்னா சரி, சிவப்புன்னா வேண்டாம். இன்னொண்ணு இருக்கு. ஒருத்தி நிப்பா, எதிர்லேருந்து ஒருத்தி மெதுவா நடந்து வருவா. "போதும்"னு சொன்னா வந்தவ அங்கேயே நின்னுடணும். உன் பொண்ணு, நான் நடந்து போனப்போ நாலு அடி தள்ளியே போதும்னுட்டா.

— உன்னையேவா?

— என்னையேதான்.

— இது கேக்க நல்லா இருக்கு. இன்னொரு தடவை சொல்லு.

— என்மேல உனக்கு அவ்வளவு கோபமாக்கா?

— கோபம் எதுக்கு? வயித்தெரிச்சல். வாயை விட்டே சொல்றேன். என் பொண்ணு பல்லு தேய்க்க ஆரம்பிச்சா சித்தி பேச்சு, சாப்பிட உக்காந்தா சித்தி பேச்சு. பொறந்ததுலேருந்தே எல்லாம் உனக்குத்தான். அப்பா சைக்கிள்ல முன்னாடி நீ, பின்னாடி கேரியர்ல நான். பாட்டு கிளாஸ்ல முதல்ல சேர்ந்தது நான். ரெண்டு வருஷம் தொண்டை கிழியப் பாடினேன். நீ வந்து ஒரே மாசம், வாத்தியார் உன்னை மட்டும் நிறுத்தி அரை மணி நேரம் தனியா சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சுட்டார். "பெரியவளே, நீ வெளியில இரு"ன்னுடுவார் என்னை. நான் வாசல்ல கிடக்கற செருப்பை எல்லாம் ஜோடி சேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

— வாசல்ல நீல பெஞ்ச் ஒண்ணு இருக்கும்.

— பச்சை பெஞ்ச். அதுகூட உனக்கு ஞாபகம் இல்ல. எப்படி இருக்கும், நீ உள்ளே இருந்தவ.

— சரிக்கா, பச்சைதான். நான் வந்த விஷயத்தைச் சொல்றேன். கிளாஸ்ல பிள்ளைங்களைக் காகிதத்துல கையை வச்சு வரையச் சொன்னேன். ஒவ்வொரு விரல்லயும் ஒரு ஆள். யாராவது தொட்டது பிடிக்கலைன்னா, யார்கிட்டயும் சொல்லாதேன்னு யாராவது சொன்னா, யார்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லுவே? கட்டைவிரல்தான் முதல் ஆள்.

— தெரியும். அவ பையில பார்த்தேன்.

— பார்த்ததோட விட்டியா?

— அந்தப் பக்கம் திரும்பு. மடிப்பு கோணலாப் போகுது.

— அக்கா.

— என்னடி அக்கா? கட்டைவிரல்ல சித்தி. அடுத்தது அவங்க அப்பா. அப்புறம் லைப்ரரி டீச்சர், மாடி வீட்டு டாக்டரம்மா. சுண்டுவிரல்ல யாரு தெரியுமா, எதிர்த்த பேக்கரிக்காரம்மா. ரொட்டி விக்கறவங்களுக்கு ஒரு விரல் இருக்கு, பத்து மாசம் சுமந்தவளுக்கு ஒரு நகம்கூட இல்ல.

— அதனால?

— அதனால ரப்பரை எடுத்து உன்னை அழிச்சேன். அம்மான்னு எழுதினேன். அவ எழுத்து மாதிரியே கோணலா எழுதினேன். போதுமா?

— கிளாஸ்ல கேள்விப் பெட்டி ஒண்ணு வச்சிருக்கேன். பேர் போடாம எழுதிப் போடலாம். இன்னைக்கு அதுல இந்தச் சீட்டு இருந்துச்சு. படிக்கட்டுமா?

— படி.

— "என் கையில யாரோ என்னைக் கேக்காம எழுதிட்டாங்க. சிவப்பு அட்டையை யாருக்குக் காட்டறது?"

— கொண்டா இங்க. ...அவ எழுத்துதான்.

— முதல்ல வாயிலேருந்து அந்தப் பின்னை எடுக்கா. அழுதுக்கிட்டே வாயில பின்னை வச்சிருக்காதே.

— நான் ஒண்ணும் அழல. அவ ஏன் என்னை எழுதல? நீ ஏதாவது சொல்லிக்கொடுத்தியா?

— யாரை எழுதணும்னு நான் ஒரு பிள்ளைக்கும் சொல்றதில்ல. சும்மா பேசிக்கிட்டிருந்தப்போ அவளாவே சொன்னா. "அம்மா மிஷினை மிதிச்சுக்கிட்டே 'ம்ம்'பாங்க. நான் சொல்றது பாதிதான் போய்ச் சேரும்"னா. அவ்வளவுதான். பாசம் இல்லாம இல்ல.

— உனக்கென்ன, உக்காந்து கேக்கறதே உன் வேலை. எனக்கு இந்த மாசத்துக்குள்ள நாப்பது சீருடை முடிக்கணும். நான் இங்க மிதிச்சுக்கிட்டு இருக்கேன், நீ நாலு அட்டையைக் காட்டி என் பொண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டே. அன்னைக்கு வாத்தியாரைத் தூக்கிட்டுப் போன மாதிரி.

— அந்த அரை மணி நேரத்தை நீ இன்னும் விடலையா?

— எப்படி விடுவேன்? என்கிட்ட இல்லாதது அப்படி என்னடி இருந்துச்சு உன்கிட்ட? இன்னைக்காவது சொல்லு.

— எட்டு வயசு இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்லக்கா.

— என்ன சொல்றே நீ?

— எனக்கு அப்போ யாரும் காகிதத்துல கை வரையச் சொல்லித் தரல. ஆனா என் கட்டைவிரல் நீதான். கிளாஸ் முடிஞ்சு நடந்து வர்றப்போ உன்கிட்டதான் சொன்னேன். தனியா உள்ளே இருக்க பயமா இருக்குக்கா, அவர் பக்கத்துல உக்காரப் பிடிக்கல, நாளைக்கு நீயும் உள்ளே வான்னு. "கிடைச்சவளுக்குத் திமிரைப் பாரு"ன்னுட்டு நீ வேகமா முன்னாடி நடந்து போயிட்டே.