தலைச்சீப்பின் நடுப்பழம்

செண்பகவல்லி: ...அப்போ பழவங்காடிச் சந்தையில ஒரு கடையிலயும் குலை தொங்கலையா?

கோமதிநாயகம்: எவன் தொங்கவிடுவான்? தமிழ்நாட்டுலருந்து எல்லை தாண்டி வார வாழைக்குலையில விஷ ஊசி போட்டாச்சுன்னு எவனோ போன்ல பேசி அனுப்பிருக்கான். ஊரெல்லாம் அதையே கேட்டுட்டு இருக்கு.

செண்பகவல்லி: ஓணம் வேற வருது. ஆள்மேல பகைன்னா ஆளோட தீத்துக்கணும். தின்னுற பண்டத்துலயா கை வைக்கது...

கோமதிநாயகம்: உள்ளதோ பொய்யோ. நேத்து ஆபீசர் வந்து நம்ம குடோன்லயும் சாம்பிள் எடுத்தாருல்லா. இன்னைக்குச் சாயங்காலம் ரிசல்ட்டு. அதுவரைக்கும் நம்மளும் தொடக்கூடாதாம்.

செண்பகவல்லி: மாமா இருந்திருந்தா?

கோமதிநாயகம்: அப்பாவா? அந்த ஆபீசர் முன்னாலயே உரிச்சிருப்பாரு. புது லோடு வந்தா முதக் குலை, தலைச்சீப்பு, நடுப்பழம். கடைக்காரன் தின்ன பொறவுதான் மத்தவன் வாயிக்கு.

செண்பகவல்லி: அக்கா கல்யாணத்துக்குப் பழம் எடுக்க எங்க அப்பாகூட வந்தேனே, அன்னைக்கு நீங்கதான் தின்னிய.

கோமதிநாயகம்: நீ சிரிச்ச.

செண்பகவல்லி: தோலோட கடிச்சா சிரிக்காம? எங்க அப்பா வீட்டுல வந்து, பையனுக்குக் கண்ணு சரியில்லையோன்னு கேட்டாரு.

கோமதிநாயகம்: கண்ணு சரியாத்தான் இருந்திச்சு. பழத்துமேல இல்ல, அவ்வளவுதான்.

செண்பகவல்லி: இப்பமாவது ஒத்துக்கிட்டியளே... சோறு வைக்கட்டா?

கோமதிநாயகம்: பொறவு பாக்கலாம். ஏட்டி... நீ கழக்கூட்டம் போயி மவ வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்.

செண்பகவல்லி: நான் போனா உங்களுக்குச் சோறு?

கோமதிநாயகம்: ஹோட்டல் இருக்கு. குடோன் சாவி சாமிப் படத்துக்குப் பின்னால இருக்கு. மவகிட்ட சொல்லி வை.

செண்பகவல்லி: நான் எங்கயும் போகல. சாவி இருக்க இடம் எனக்குத் தெரியாதா.

கோமதிநாயகம்: சொன்னாக் கேளு. இங்க ஒத்தையில நீ என்ன செய்வ, எனக்கு ஏதாவது...

செண்பகவல்லி: ஏதாவது?

கோமதிநாயகம்: ...காலையில தின்னுட்டேன்.

செண்பகவல்லி: ம்.

கோமதிநாயகம்: ஏசு. ஏசணும்னா ஏசு.

செண்பகவல்லி: இத்தனை குலையில எதுல ஊசின்னு ஒரு பழத்தைத் தின்னாத் தெரியுமாக்கும்?

கோமதிநாயகம்: தெரியாது. ரிசல்ட்டு நல்லதா வந்தாலும் வாங்க வாரவன் என் மூஞ்சியத்தான் பாப்பான். நான் தின்னாம அவன் பிள்ளைக்குக் குடுன்னு எப்படிச் சொல்ல? பயந்துட்டேதான் தின்னேன், செண்பகம். ருசிகூட ஞாபகமில்ல.

செண்பகவல்லி: தேனாட்டம் இருந்திச்சு.

கோமதிநாயகம்: ...உனக்கு எப்படித் தெரியும்?

செண்பகவல்லி: நீங்க வெளிய போன பொறவு குடோன்ல விளக்கேத்தப் போனேன். தலைச்சீப்புல நடுப்பழத்தைக் காணல. அதான், பக்கத்துல இருந்ததை நான் தின்னேன்... கையக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.