நாற்காலிகூடத்தான் பயப்படல

இல்லக்கா, அவ மக்கு இல்ல. அதத்தான சொல்லிட்டிருக்கேன். நீங்க கேட்டது தப்பில்ல, பெரிய டீச்சர் ரூம் வாசல்ல இந்த பெஞ்சுல உக்காந்திருந்தா யாருமே அப்படித்தான் நெனப்பாங்க. உங்களுக்குப் பரவாயில்ல, பையனப் புதுசா சேக்க வந்திருக்கீங்க. எனக்கு அப்படியா. எம்பொண்ண இன்னொரு வருஷம் ரெண்டாங்கிளாஸ்லயே உக்கார வைக்கணுமாம். அதுக்கு சம்மதம்னு நான் கையெழுத்துப் போடணுமாம். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க.

நான் உங்க மூஞ்சியப் பாக்காம அந்தத் தண்ணி டிரம்மையே பாத்துப் பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பழக்கம் அப்படி. உள்ள ஒருத்தர் இருக்காரில்ல, அவர் வெளிய வர நேரமாகும். நடுவுல எந்திரிச்சுப் போயிடாதீங்கக்கா. முழுசாக் கேட்டுடுங்க.

இவளா? இவ சின்னவ. தோள்ல போட்டாத் தூங்குவா, கீழ போட்டாக் கத்துவா. பெரியவ அந்தக் கடைசி ரூம்ல இருக்கா. இங்கருந்து சத்தம் கேக்காது. அவ சத்தம் எங்கருந்துமே கேக்காது, அதுதானே பிரச்சனையே.

இந்தத் தாளப் பாருங்க. இல்ல, மடிப்புக்கு மேல. பருவ முடிவில் மாணவர் அடைந்திருக்க வேண்டியவைன்னு கொட்டையெழுத்துல போட்டிருக்கா? கீழ வரிசையாப் படிங்க. கதைகளை ரசிப்பார். அடையவில்லை. மொழியின் அழகை உணர்வார். அடையவில்லை. தன்னம்பிக்கை பெறுவார், வகுப்பில் ஆர்வத்துடன் ஈடுபடுவார். ரெண்டும் இல்ல. கடைசி வரி மட்டும் டிக்கு வாங்கியிருக்கா. அதையும் படிங்க. ஆங். வகுப்பில் அமைதியாக இருப்பார்.

நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்தான் படிச்சேன். தப்பா இருந்தா சொல்லுங்க. அமைதியா இரு, அமைதியா இருன்னு வருஷம் பூராச் சொன்னாங்க, அவளும் அப்படியே இருந்து அந்த டிக்க வாங்கிட்டா. அப்புறம் அதே தாள்ல, வாயே தொறக்க மாட்டேங்குறா, ஆர்வமில்லன்னு எழுதினா அவ எந்த வரியக் கேப்பா?

கதைய ரசிக்கலையாம். இங்க சொல்ற கதையெல்லாம் வீட்டுல வந்து தங்கச்சிக்குச் சொல்றா. நான் துவைக்கிற இடத்துல இவளத் துணிக்கூடைக்குள்ள உக்கார வச்சுச் சொல்லுவா. அணிலுக்கு ஒரு குரலு, கரடிக்கு ஒரு குரலு. கரடிக்கு அவங்கப்பா குறட்டையையே வச்சிருக்கா. அணில் வெள்ளத்துல போயிடுற எடம் வந்தா மட்டும், எங்கருந்தோ ஒரு மரக்கட்டை மிதந்து வந்துடும். கதையில அப்படி இல்லையேடின்னா, பாப்பா அழுவும்மான்னு எங்காதுல சொல்றா. ரசிக்காத புள்ளையா இப்படிப் பண்ணும்? ரசிக்கிறதுன்னா மூஞ்சில எங்கயாவது தெரியணுமாக்கா? எந்தப் பக்கம் தெரியும்?

டீச்சரக் குத்தம் சொல்லலக்கா. நல்ல பொண்ணு. அவ்வளவு புள்ளைங்கள வச்சுக்கிட்டு என்னதான் பண்ணும் அது. நான் ஒருநாள் கேட் பக்கத்துல வச்சுக் கேட்டுட்டேன், ஆர்வமா இருக்கான்னு எத வச்சு மிஸ் தெரிஞ்சுக்கறீங்கன்னு. பாத்தாத் தெரிஞ்சுடும்னு சொல்லிச்சு. எனக்குத் தெரியலையேன்னேன். இந்த வரியெல்லாம் மேலருந்து அச்சடிச்சு வருது, நான் எழுதலன்னு சொல்லிச்சு. அதோட முடிஞ்சுபோச்சு. யாரு எழுதினாங்கன்னு கேட்டா யாருமே இல்ல. புள்ள மட்டும் இங்க இருக்கு.

அவரா? எங்க வீட்டுக்காரரா? அவரப் பத்தி அப்புறம் சொல்றேன். போன தடவை, புள்ள வாயே தொறக்கலன்னு கூப்பிட்டப்ப, அவர்தான் வந்து பேசினாரு. நான் பின்னாடி நின்னேன். மனுஷன் தங்கம்க்கா, சரக்கு வண்டி ஓட்டுறாரு, வாய் மட்டும் நிக்காது. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி டீச்சர்னு முதல் வார்த்தையிலயே எல்லாத்தையும் ஒப்புக்கிட்டாரு. மீதி நேரம் பூரா ஸ்கூல் வாசல் ரோட்டுல இருந்த பள்ளத்தப் பத்திப் பேசினாரு. பள்ளத்த மூடிட்டாங்க. எம்பொண்ணு விஷயம் அப்படியேதான் கெடக்கு.

அணில் கதை, கரடி குறட்டை, எல்லாம் எந்தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. பெரிய டீச்சர் என்னப் பாத்து, அம்மா எதாவது சொல்லணுமான்னு கேட்டாங்க. நான் தலைய ஆட்டினேன். ஆமான்னு ஆட்டினேனா இல்லன்னு ஆட்டினேனான்னு எனக்கே தெரியல. அவங்க இல்லன்னு எடுத்துக்கிட்டாங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. நானும் இப்ப சிரிக்கிறேன்ல.

அதுக்கப்புறம்தான் சாயங்கால வகுப்புல சேந்தேன். பேக்கரி மாடியில நடக்குதே, பெரியவங்களுக்கு எழுதப் படிக்க, அதுதான். கீழ பன் வேகுற வாசனை வந்துட்டே இருக்கும், பாதிப் பேரு அதுக்குத்தான் வர்றாங்கன்னு நெனைக்கிறேன். டீச்சர் சின்னப் பொண்ணு, காலேஜ் முடிச்ச கையோட வந்திருக்கு. நாங்க அதுக்கு வச்ச பேரு காட்டுங்க டீச்சர். எதச் சொன்னாலும், செஞ்சு காட்டுங்க, செஞ்சு காட்டுங்கன்னு உசுர வாங்கும்.

மொத நாளே தொல்லை ஆரம்பிச்சுது. இந்த வகுப்பு முடியறப்ப உங்களால என்ன செய்ய முடியணும், ஆளுக்கொரு வரி எழுதுங்கன்னுச்சு. எழுதத்தான வந்திருக்கோம், இப்பவே எழுதச் சொன்னா எப்படின்னு இஸ்திரிக்கார அக்கா கேட்டாங்க. வாயால சொல்லுங்க நான் எழுதுறேன்னுச்சு. இஸ்திரிக்கார அக்கா, எனக்கு மரியாதை வேணும்னாங்க. டீச்சர் கேக்குது, அது வந்துடுச்சுன்னு நான் எங்க நின்னு பாத்தாத் தெரியும்? இவங்க ரொம்ப யோசிச்சுட்டு, மூட்டை மேல வீட்டுக்காரங்க பேர நானே எழுதணும், ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போயி எவளும் என்னத் திட்டக்கூடாதுன்னாங்க. அதுதான் உங்க வரின்னு எழுதிக்கிச்சு. காய்கறிக்கடை அக்கா புத்திசாலி ஆகணும்னு சொன்னாங்க. அதுக்கு இந்த ஒரு வகுப்பு பத்தாதேன்னு இஸ்திரிக்கார அக்கா சொல்ல, ரெண்டு பேருக்கும் ஒரு வாரம் பேச்சில்ல.

நானா? நான் தைரியம் வேணும்னு சொன்னேன்.

அதுக்கு அந்தப் பொண்ணு என்னப் படுத்தின பாடு இருக்கே. தைரியம் எப்படி இருக்கும், காட்டுங்கன்னுச்சு. தைரியம்னா தைரியம்தான், அதுல காட்ட என்ன இருக்கு. அடிச்சுட்டு வேற எழுதுங்கன்னுச்சு. டீச்சர் எனக்குப் பேசக் கத்துக்குடுப்பாங்கன்னு எழுதிட்டுப் போனேன். இது நான் செய்யற வேலை, நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டு அதையும் அடிச்சுடுச்சு. நல்லாப் பேசுறது எப்படின்னு தெரிஞ்சுக்குவேன்னு எழுதினேன். தெரிஞ்சுக்கிட்டு வீட்டுல வச்சுப் பூட்டிக்குவீங்களான்னுச்சு. கோவம் வந்துடுச்சு எனக்கு. கடைசியா, யாரைப் பாத்தும் பயப்பட மாட்டேன்னு எழுதினேன், பெரிய எழுத்துல. அது தாளப் பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல கெடந்த நாற்காலியப் பாத்துச்சு. இந்த நாற்காலிகூடத்தான் யாரைப் பாத்தும் பயப்படலன்னுச்சு.

எல்லாரும் சிரிச்சாங்க. நான் பைய எடுத்துட்டு எறங்கி வந்துட்டேன். கொஞ்ச நாளு போகவேயில்ல. நாலெழுத்துப் படிச்ச திமிரு, நம்மள வச்சு வேடிக்க காட்டுதுன்னு நெனச்சேன். வீட்டுலயும் எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். அவரு, அந்த வரிய நான் எழுதித் தரட்டுமான்னாரு. நீங்க எழுதுனா அதுலயும் பள்ளம்தான் வரும்னேன்.

அப்பதான் இந்தத் தாளு வந்துச்சு. அமைதியாக இருப்பார்னு டிக்கு. பாத்த உடனே எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வந்துடுச்சு. எம்பொண்ணு பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு வச்சிருந்தா அதுக்கும்தான இந்த டிக்கப் போட்டிருப்பாங்க? அந்தப் பொண்ணு என்ன கேலி பண்ணல, என்னமோ சொல்லித்தான் குடுத்திருக்குன்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு. பயப்படாம இருக்கறது, சும்மா இருக்கறது, இதெல்லாம் ஒரு காரியமா? என்ன செய்வான்னு சொல்லணும். பக்கத்துல நிக்கறவங்க பாத்துட்டு, ஆமா செஞ்சா, இல்ல செய்யலன்னு சொல்ல முடியணும்.

தாள எடுத்துட்டு மாடிக்கு ஓடினேன். அந்தப் பொண்ணு என்ன செஞ்சிட்டிருந்துச்சு தெரியுமா? தலையில கைய வச்சுட்டு உக்காந்திருந்துச்சு. அது எழுதின பாடத் திட்டத்த ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம். அதுவும் மாணவர்கள் புரிந்துகொள்வார்கள், புரிந்துகொள்வார்கள்னே எழுதி வச்சிருக்கு. எல்லாத்தையும் சிவப்புல அடிச்சிருக்காங்க. அது எங்களக் கேட்ட கேள்விய, ஆபீஸ்ல யாரோ அதுகிட்டயே கேட்டிருக்காங்க. எழுதறது எனக்கும் வர மாட்டேங்குதுக்கான்னுச்சு. பாவமா இருந்துச்சு, கொஞ்சம் சந்தோஷமாவும் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாதில்ல.

ரெண்டு பேரும் பன்னு வாங்கித் தின்னுட்டே உக்காந்து எழுதினோம். அது வரிக்கு நான் காட்டு காட்டுன்னேன், என் வரிக்கு அது. என் வரி அன்னிக்குத்தான் முடிஞ்சுது.

சொல்றேன், சொல்றேன். இருங்க, யாரோ வர்றாங்க. இல்ல, வாட்ச்மேன்.

பொண்ணு விஷயமா? டீச்சர்கிட்ட நல்லபடியாப் பேசி எப்படியாவது பாஸ் போடச் சொல்லுன்னுதான் எங்க மாமியாரும் சொன்னாங்க. அழுதாக் கேப்பாங்களாம். எனக்கு அழ வேண்டாம்க்கா. எம்பொண்ணு என்ன செஞ்சா மூணாங்கிளாஸ் போலாம்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும். அவங்களும் கண்ணால பாக்கற மாதிரி, நானும் பாக்கற மாதிரி. ஒரு கதைய நாலு புள்ளைங்களுக்குச் சொல்லணும்னு எழுதட்டும், போதும். லீவு முடிஞ்சு வந்து செஞ்சு காட்டட்டும். செய்யலேன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஆனா ரசிப்பார், உணர்வார்னு எழுதி அதுல அவளத் தோக்க வைக்கக்கூடாது.

ஆமா, நல்லாப் பேசுறேன்னு நீங்க சொல்றீங்க. எங்க தெருவுல போயிக் கேளுங்க. எதிர்வீட்டுல குடி வந்து ரெண்டு வருஷமாச்சு, அந்தம்மா என்ன ஊமைன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க. நெசமாத்தான்.

அந்த வரிதானே. பெருசா ஒண்ணுமில்லக்கா. வீட்டுக்காரர் பக்கத்துல இல்லாம, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட, எம்பொண்ணு விஷயத்த ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் நானே சொல்லுவேன். கேட்டவங்க எனக்கு என்ன வேணும்னு திருப்பிச் சொல்லணும். அவ்வளவுதான். அந்தத் தெரியாத ஒருத்தர் நீங்கதான். வாசல்லருந்து வரும்போதே பாத்தேன், அவசரப்படற ஆளாத் தெரியல, அதான் பக்கத்துல வந்து உக்காந்தேன்.

உள்ள இருந்தவரு வெளிய வந்துட்டாரு. அடுத்து நான்தான். சீக்கிரம் சொல்லுங்கக்கா, நான் உள்ள போயி என்ன கேக்கப்போறேன்?

இல்லையே. பாஸ் போடச் சொல்லிக் கெஞ்சப்போறேன்னு சொல்றீங்க. அப்ப நான்தான் எங்கயோ சரியாச் சொல்லல. இருங்க. கூப்பிட்டாக் கூப்பிடட்டும். பாஸ் வேண்டாம்க்கா. அவ என்ன செஞ்சு காட்டணும்னு எழுதித் தரணும். ரெண்டு பேரும் பாக்கற மாதிரி. செய்யறதுக்கு லீவு முடியற வரைக்கும் நேரம் தரணும். இப்ப சொல்லுங்க.

ம்.

ம். அப்புறம்?

ஆமாக்கா. அதேதான்.

இல்ல, அழல, தூசி. நான் எந்திரிக்கிறேன். ஒரு உதவி மட்டும் பண்ணுங்க. கேட் கம்பி வழியா ஒருத்தர் எட்டி எட்டிப் பாத்துட்டிருக்காரு பாருங்க, நீலச் சட்டை. எங்க வீட்டுக்காரர்தான். நான் கூப்பிடாம உள்ள வரக்கூடாதுன்னு வண்டியிலயே உக்கார வச்சிருந்தேன், மனுஷன் எறங்கிட்டாரு. கைய ஆட்டி அங்கயே நிக்கச் சொல்லுங்கக்கா. நான் உள்ள போறேன்.