அரைச் சுற்று

உங்கள் ஜீப் சும்மா நிற்கும்போது உதறுகிறது, கவனித்தீர்களா? வாசலில் நிறுத்திவிட்டு உங்கள் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் போன் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளிருந்தே கேட்டேன். சத்தம் ஏறுகிறது, இறங்குகிறது, அணையப் போவதுபோல் போய்த் திரும்புகிறது. பெரிய வியாதி இல்லை. ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. விசாரணை முடிந்ததும் பார்த்துத் தருகிறேன்.

மருமகன் கொடுத்த புகாரை வாசித்துக் காட்டினீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பாதிதான் இருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

முப்பத்தாறு வருடமாக இதே பட்டறை. என் வேலையில் வரிசை முக்கியம். ஸ்டார்ட் ஆகாத வண்டி என்றால் முதலில் விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நன்றாக எரிகிற விளக்கு, சாவியைத் திருப்பும்போது மட்டும் மங்கி, 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால், பேட்டரி முனையில் பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டார் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால் பெட்ரோல், தீப்பொறி, காற்று. வரிசையைத் தாண்டிப் பதில் சொல்பவன் ஜோசியக்காரன், மெக்கானிக் இல்லை.

எனக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், கல்யாணமான பிறகும். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா போய்ச் சேர்ந்தாள். பிறகு நானும் அவளும்தான். மருமகன் பக்கத்து ஊரில், மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்க்கிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். ஊராருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவர், தன் காரின் பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் என்னைக் கேட்டார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

முதல் முறை பழுது நிஜமாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கிளம்பும்போது வண்டி உதறியது. குழாயில் வெடிப்பு. நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஆனால் வாயில் வந்தது, இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான். வண்டி இல்லாமல் எப்படிப் போவது என்று அவர்களும் தங்கிவிட்டார்கள். நின்றுகொண்டே சாப்பிடுகிறேன் என்று பாப்பா என்னைத் திட்டினாள். கிரீஸ் சட்டையை இரண்டு தரம் துவைத்தாள். அந்த இரண்டு நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் குழாயை நானே பிளேடால் கீறினேன். நகக்கீற்று அளவுதான். அதன் பிறகு மாதம் ஒரு தரம். பிளக் கெட்டுவிட்டது என்பேன், பெட்ரோலில் தண்ணீர் என்பேன், இரண்டு நாள் ஆகும் என்பேன். மாப்பிள்ளை தலையாட்டுவார். "இந்த வண்டிக்கு நம்ம வீடுதான்பா பிடிச்சிருக்கு" என்று பாப்பா சிரிப்பாள். யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை.

பிறகு அவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. நான்கு மணி நேரப் பயணம். பாப்பாவுக்கு எட்டாம் மாதம். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ரத்தம் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருப்பது நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி மருமகன் போகும் ஊரில் இருந்தது. டாக்டரம்மா எழுதிய சீட்டை அவர்கள் வீட்டு பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு தரம் தண்ணீர் எடுக்கும்போதும் நான் அதை வாசித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் பார்க்கிறேன் என்று பானெட்டைத் திறந்து பேட்டரி முனையின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன். உடனே நிற்காது. குழாயில் பழைய கீறல் இருந்தது. அந்த உதறலிலேயே நட்டு மெல்ல மெல்ல இன்னும் தளரும். என் கணக்குப்படி வியாழக்கிழமை காலை ஸ்டார்ட் ஆகாமல் போக வேண்டும். நான் போய்ப் பார்ப்பேன், ஒரு வாரம் ஆகும் என்பேன். ஒரு வாரம் போனால், இனி பயணம் வேண்டாம், இங்கேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிடுவாள்.

கணக்கு இரண்டு நாள் தப்பிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு மருமகன் போன் செய்தார்.

"மாமா, வண்டி ஸ்டார்ட் ஆகல. அவளுக்கு ரத்தம் போகுது மாமா. என்ன பண்றது?"

பேட்டரி முனையைக் கையால் அழுத்தித் திருகுங்கள் என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்றும் கேட்காமல் அதைச் சொன்னால், உட்கார்ந்த இடத்தில் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த மனிதர் ஒருநாள் யோசிப்பார். அதனால் வரிசையாகக் கேட்டேன்.

விளக்கைப் போடச் சொன்னேன். கியரைப் பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டேன். இரண்டு நிமிடம் விட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடவா என்று கேட்டார். ஆம்புலன்ஸ் வந்தால் வண்டி அப்படியே நிற்கும், அக்கம்பக்கத்தில் யாராவது பானெட்டைத் திறப்பார்கள். "நான்தான் லைன்ல இருக்கேனே மாப்பிள்ளை, கொஞ்சம் பொறுங்க" என்றேன். அப்போது பின்னாலிருந்து பாப்பாவின் குரல் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது.

"அப்பா சொல்ற மாதிரியே செய்ங்க. அப்பாவுக்குத் தெரியும்."

அதன் பிறகும் நான் இரண்டு கேள்வி கேட்டேன். கடைசியில்தான் பேட்டரி முனைக்கு வந்தேன். கையால் திருகியதும் வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. மொத்தம் பதினொரு நிமிடம். போனில் பதிவாகியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி வரைக்கும்தான் போக முடிந்தது. குழந்தையைக் காப்பாற்றிவிட்டார்கள். பாப்பாவைப் பற்றி டாக்டரம்மா, பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார்.

பேத்தி பிறந்ததும் புது ஊர் வேலையை மருமகன் விட்டுவிட்டார். கண்ணாடிக் கடைக்கே திரும்பிவிட்டார். ஏழு மாதம் என் வீட்டிலேயே தங்கி, குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். அவளையும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். போன வாரம் பழைய காரை விற்பதற்காக வேறொரு பட்டறைக்கு எடுத்துப் போயிருக்கிறார். குழாயில் வரிசையாக இருந்த பிளேடு கீறல்களை அந்த மெக்கானிக் எண்ணிக் காட்டியிருக்கிறார். நல்ல வேலைக்காரர், வரிசையாகப் பார்த்திருக்கிறார். அன்று மாலையே மருமகன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

குழாயைக் கீறியது நான். நட்டைத் தளர்த்தியது நான். என்ன பழுது என்று தெரிந்துகொண்டே பதினொரு நிமிடம் கேள்வி கேட்டதும் நான்தான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். பெற்ற மகள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பது எந்த ஊரிலும் குற்றமில்லை.

மருமகன் புது வண்டி வாங்கியிருக்கிறாராம். வியாழக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போகிறார் என்று கேள்விப்பட்டேன். போவதற்கு முன் வண்டியை ஒரு தரம் என்னிடம் கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தை போகிற வண்டி, கண்டவன் கையில் விடக்கூடாது.