நெற்றிக்கு ஷாம்பூ

காளவாசலில் பேருந்து ஏறி, எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள் ஒரே ஜவுளிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்துப் பெண் தொடங்கினாள்.

"பொடுகு ஷாம்பூவ நெத்தியில தேச்சுக் குளிக்கிறேன்டி."

"கிறுக்கச்சி! பருவுக்கா?"

"பருவே இல்லையாம், ஃபங்கஸாம். தேமல் வருதுல்ல, அந்த வகையாம். டாக்டரம்மாதான் ஷாம்பூ எழுதிக் குடுத்தாங்க."

"சூட்டுக் கொப்புளம்னு அம்புட்டு எண்ணெய் தடவுனியேடி!"

"அதத் தின்னுதான் வளந்திருக்கு. முதலாளி என் நெத்தியப் பாத்துட்டு கவுண்டர்லருந்து குடோனுக்கு அனுப்புனாரே, அன்னைக்கும் தடவிட்டுத்தான் படுத்தேன்."

"டாக்டரம்மா எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"எல்லாம் ஒரே அளவுல பொடிப்பொடியா இருக்கே, அரிக்குதான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாயெடுத்துட்டேன். 'நெத்தியச் சொறியாதடி, கையை எடு'ன்னு நீ தெனமும் வையிறது நெனப்பு வந்துச்சு. ஆமான்னேன். பருன்னா இப்படி அரிக்காதாம். நீ வையலேன்னா இன்னும் எண்ணெய்தான் தடவிக்கிட்டிருப்பேன்."

விளாங்குடி வந்ததும் இறங்க எழுந்த மற்றவள், தோழியின் முன்முடியை ஒதுக்கி நெற்றியைத் தடவிப் பார்த்தாள்.

"வழுவழுன்னு ஆயிருச்சேடி. நாளைக்கு கவுண்டருக்கு வந்துருவ. இனிமே சொறியாதன்னு நான் யாரைடி வையிறது?"