அச்சில் சிறுத்த குண்டு

சுவிஸில் வில் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழர் இருந்தார்கள்.

"நான் வார்த்த குண்டெல்லாம் சின்னனாப் போச்சு, அண்ணை," என்றான் இளையவன்.

"என்ன குண்டு?" என்றார் மற்றவர்.

"மாமாவின்ர பழைய துவக்குக்கு. மனுசியின்ர அப்பா, சுவிஸ்காரர். கண் பார்வை போக முதல் ஒருக்கால் சுடவேணுமெண்டவர். அந்தக் குண்டு கடையில இல்லை. ஈயம் உருக்கி நானே வார்த்தன். அச்சு சின்னன். குண்டு குழலுக்குள்ள இறுகாமல் கண்டபாட்டுக்குப் போச்சு."

"அச்சைத் தேய்ச்சுப் பெருப்பிக்கேலாதோ?"

"தேய்ச்சன், கோணலாப் போச்சு. வேற அச்சு வர மாசக்கணக்காச்சு. அதில வார்த்து நேற்றுச் சுட்டுப் பாத்தன், குறி தப்பேல்லை. ஆனா மாமாவுக்கு இப்ப கண் ஒண்டும் தெரியேல்லை."

"அவருக்கு என்ன சொன்னனீ?"

"குண்டு இன்னும் சரிவரேல்லை எண்டு."