கடல் கண்ணாடி

சனிக்கிழமை காலையில் கடலோரச் சாலையில் வண்டி ஓட்டுவதைப் போல மனதுக்கு இதமான காரியம் வேறெதுவும் எனக்குத் தெரியாது. சன்னல்களை இறக்கிவிட்டு, பின்னால் வருகிறவர்களை எல்லாம் முன்னால் போகவிட்டு, நிதானமாக ஓட்டுவேன். பக்கத்தில் என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பாள். எங்கே தங்குவது என்று முன்கூட்டி முடிவு செய்ததே இல்லை. மொட்டை மாடியில் விரிப்புகள் காய்கிற விடுதியாகப் பார்த்து அவள் நிறுத்தச் சொல்வாள். அங்கேதான் சுத்தமான படுக்கை கிடைக்கும் என்பது அவள் கட்சி. ஒருமுறைகூட அவள் கணிப்பு தப்பியதில்லை.

நாங்கள் சந்தோஷமாக இருந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸை நானே வெட்டி, ஓரம் தேய்த்து, ஃப்ரேமில் பொருத்துவேன். அவள் பாலங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் இருந்தாள். சிறு வயதிலிருந்தே கனத்த கண்ணாடி. உப்புக் காற்றில் நல்ல ஃப்ரேம் கெட்டுப்போகும் என்பதால், பழைய பழுப்பு ஃப்ரேம் ஒன்றைப் பயணத்துக்கென்றே ஒதுக்கியிருந்தோம். கடல் முதன்முதலில் கண்ணில் படுகிற திருப்பத்தில் ஆபீஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடல் கண்ணாடியை மாட்டிக்கொள்வாள்.

"கண்ணாடிக்காரரே, இப்பதான் லீவு ஆரம்பிச்சிருக்கு" என்பாள்.

பிறகு வரைபடங்களும் எங்களோடு வண்டியில் ஏற ஆரம்பித்தன. சுருட்டிய காகிதங்கள் பின் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு வரும். "ஒரே ஒரு தூணுதாங்க, பார்த்துட்டு வந்துடறேன்" என்று அறையிலேயே உட்கார்ந்துவிடுவாள். அந்த ஒரு தூணுக்கு ஒரு மாலைப் பொழுது போய்விடும். நான் மணலில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கு வாங்கிய தேநீரை ஒருவனாகக் குடிப்பேன். ஆறிய தேநீரைக் குடித்துப் பழகியவர்களுக்கு அந்த எரிச்சல் புரியும்.

அலுவலகத்தில் அவளையே பிரிவின் தலைவியாக்கப் போவதாகப் பேச்சு வந்தது. அந்தப் பதவி வந்தால் சனிக்கிழமையும் போக வேண்டும்.

"அப்ப நம்ம சனிக்கிழமை?" என்று கேட்டேன்.

"அது எங்க ஓடிப்போகுது? கடல் அங்கேயேதானே கெடக்கும்."

"நான் கடலப் பத்திக் கேக்கல."

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க. அதுக்கெல்லாம் நல்லா லட்சணமான மூஞ்சி வேணும்."

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் அவளுக்குப் புது ஆபீஸ் கண்ணாடி செய்தேன். கிளம்புகிற அவசரத்தில் கை தவறிவிட்டது. கண்ணாடியில் பவர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக வர வேண்டும். அதற்காக மையத்தில் ஒரு மைப்புள்ளி வைத்துக்கொண்டு வெட்டுவோம். புள்ளி விலகினால், போட்டிருப்பவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் கண்கள் அந்த விலகலை நாள் முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். தலை வலிக்கும், தரை லேசாகச் சாயும்.

திங்களிலிருந்து அவளுக்குத் தலைவலி. சனிக்கிழமை கடல் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மாலைக்குள் வலி போய்விட்டது. என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஆபீஸ்தாங்க எனக்கு ஒத்துக்கல. கடலப் பார்த்ததும் எல்லாம் பறந்துபோச்சு" என்றாள். அவள் அப்படிச் சாய்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஊர் திரும்பியதும் ஆபீஸ் கண்ணாடியைச் சோதித்தேன். தவறு தெரிந்தது. திருத்துவது பெரிய வேலையில்லை. கண்ணாடியைத் துணியால் நன்றாகத் துடைத்து டப்பாவில் திருப்பி வைத்தேன். அவ்வளவுதான் அன்றைக்கு நான் செய்தது.

அதன் பிறகு ஒரு வாரமும் தவறவில்லை. வெள்ளிக்கிழமையே பையை எடுத்து வைத்துவிடுவாள். வரைபடங்கள் வண்டியில் ஏறுவது நின்றது. பழைய கோட்டைச் சுவர்மேல் நடந்தோம், கலங்கரை விளக்கத்தில் ஏறினோம், ஒன்றும் செய்யாமல் பகலெல்லாம் தூங்கினோம். என் வாழ்க்கையின் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒருமுறை மட்டும் சந்தேகப்பட்டாள். "இதப் போட்டாத்தான் வலிக்குதோ?" நான் கோபப்படவில்லை. கடைக்கு அழைத்துப்போய்க் கருவியில் வைத்துக் காட்டினேன். பவர் இம்மியும் பிசகாமல் இருந்தது. "உங்க கைவேலையப் போயி சந்தேகப்பட்டேனே" என்று வருத்தப்பட்டாள். கண் மருத்துவரும் பவரைத்தான் பார்த்தார். கண்ணில் குறை இல்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்றார். ஸ்கேன் அறைக்கு வெளியே அவள் கை சில்லிட்டிருந்தது. "ஒண்ணும் இருக்காது" என்றேன். அதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு யாராலும் முடிந்திருக்காது.

அடுத்தடுத்த கண்ணாடிகளில் புள்ளியை நானே தள்ளி வைத்தேன். மிகவும் கொஞ்சம்தான். தப்பாக வெட்டுவதற்குத்தான் அதிகக் கவனம் தேவைப்படுகிறது.

ஒரு வரைபடத்தில் அளவை மாற்றிப் படித்துவிட்டாள். கட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், தலைவி பதவி அவளைவிட இளையவனுக்குப் போனது. அந்தச் சனிக்கிழமை வண்டியில் அழுதுகொண்டே வந்தாள். சில மாதங்களில் வேலையை விட்டாள். இனி குறுக்கே யாரும் இல்லை என்று நினைத்தேன்.

அவள் தங்கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளி ஆசிரியை. வீட்டில் எல்லாருக்கும் அவள் வாலு. விடுமுறைக்கு வந்தவள் அக்காவின் சோர்ந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"மாமா, அக்காவுக்குக் கடல்தான் மருந்துன்னா, எதுக்கு வாரம் ஒரு ஸ்பூன் குடுக்கறீங்க? பாட்டிலோட குடுத்துடுங்க."

கடலோர ஊரில் ஒரு வீட்டைப் பேசி முடித்துவிட்டிருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் சின்ன வரைபட அலுவலகம் ஒன்று இருக்கிறதாம், அக்காவைச் சேர்த்துக்கொள்வார்களாம். என் மனைவியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

"நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுங்க. ராஜ உபசாரம் பண்றேன்" என்றாள்.

அவள் குணமாவதில் எனக்கு வருத்தமில்லை. நான் இல்லாமல் குணமாகிவிட்டால் பிறகு நான் எதற்கு என்பதுதான் கேள்வி. அக்காவும் தங்கையும் கிளம்புவதற்கு முன்தினம், கீறல் விழுந்திருக்கிறது என்று சொல்லிக் கடல் கண்ணாடியை வாங்கிப்போய்ப் புது லென்ஸ் போட்டேன். இந்த முறை புள்ளி ஒரு கண்ணுக்குச் சற்று மேலே, மறு கண்ணுக்குச் சற்றுக் கீழே.

நான் எதிர்பார்த்த தொலைபேசி வந்தது.

"இங்க வந்தும் வலிக்குதுங்க. படியெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. நீங்க பக்கத்துல இல்லாததாலயோ என்னவோ. பயமா இருக்கு, வர்றீங்களா?"

"சனிக்கிழமை வர்றேன்."

"இப்பவே வர முடியாதா?"

உடனே கிளம்பியிருக்கலாம். கடையில் கூட்டமும் இல்லை. ஆனால் காத்திருந்து காத்திருந்து பழகியவன் நான். கொஞ்சம் அவளும் காத்திருக்கட்டுமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை மாலை, கடற்கரைக்கு இறங்கும் கல்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்திருக்கிறாள். இடுப்பும் முதுகெலும்பும் முறிந்துவிட்டன. நடப்பாளா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்கிறார்கள்.

கோணிப்போன ஃப்ரேமை வாலு அந்த ஊர்க் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, ரெண்டு கண்ணுக்கும் மையம் வேற வேற எடத்துல இருக்காம். கடக்காரர் புள்ளி வச்சுக் காட்டறாரு. இத நீங்கதானே வெட்டினீங்க?"

அவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அலமாரியில் இருந்த ஆபீஸ் கண்ணாடிகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள். வந்த விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கக்கூட அவள் எனக்கு அவகாசம் தரவில்லை.

கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன். முதல் கண்ணாடியில் மட்டும் கை தவறியது. மற்றவை எல்லாம் தெரிந்தே வெட்டியவை. படி இரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்ன பிறகும் அதைக் கழற்றச் சொல்லவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் இப்போது கண்ணாடியே இல்லாமல் படுத்திருக்கிறாளாம். அருகில் குனிகிற முகம் யாருடையது என்றுகூடத் தெரியாது, பாவம். வேறு கடையில் செய்துகொள்வேன் என்கிறாளாம். அவள் கண்ணின் அளவு எனக்கு மனப்பாடம், வேறு யாருக்குத் தெரியும்? நீங்களே அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த முறை மையத்தைச் சரியாகவே வைத்துக் கொடுப்பேன்.